வயிற்றிலேயே வேலை கிடைத்தவர்

கிழக்கேகோட்டையில் ட்யூஷன் முடிந்து வந்த மகளை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு, கரமனை வரைக்கும் பைதகரஸ் தேற்றத்தை விளக்கியபடியே வந்தேன். வழக்கத்துக்கு மாறாக ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். எனக்கே என் போதனாசக்தி மேல் மரியாதை வந்துவிட்டது. கரமனை ஜங்ஷனில் வண்டி நின்றபோது, "புரிஞ்சுதா?" என்று திரும்பினால், பின்னால் ஆள் இல்லை. புத்தகப்பை மட்டும் என் காலடியில் இருந்தது. பக்கத்தில் நின்ற ஆட்டோக்காரர் தனக்குப் புரிந்துவிட்டதுபோல் தலையை ஆட்டினார்.

நடந்தது இதுதான். பையை வைத்துவிட்டு, "பேனா வாங்கிண்டு வரேன்" என்று அவள் கடைக்குள் போயிருக்கிறாள். "சரி" என்று சொன்னது நானேதான். சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டேன். அந்த நேரம் பார்த்து எதிரே மேத்தன்மணிக் கடிகாரம் அடித்தது. மணிக்கு மணி வாயைப் பிளக்கும் அந்தத் தாடிக்கார முகத்தின் கன்னத்தில் இரண்டு ஆட்டுக்கடாக்கள் வந்து முட்டிவிட்டுப் போகுமே, அதைப் பார்த்துக்கொண்டு நின்றவன் மகளை எண்ணிப் பார்க்கவில்லை. எத்தனையோ வருஷமாகப் பார்க்கிறேன், அலுக்கவில்லை. மற்ற ஆண்களுக்கு முட்டு வாங்க வீட்டுக்குப் போகவேண்டும். அவருக்கு வாசலிலேயே கிடைத்துவிடுகிறது.

மகள் ஆட்டோவில் வந்து இறங்கினாள். கூலி நான்தான் கொடுத்தேன். அம்மா திண்ணையில் தயாராக இருந்தாள்.

"கொழந்தைய மறந்துட்டு வந்தியாடா? சுவாதி திருநாள் இந்த வயசுல துரைக்கே கணக்குச் சொல்லிக்கொடுத்தாராம். இவளுக்கு ஒரு அப்பன் வாய்ச்சிருக்கான் பாரு!"

மற்ற ஊர்களில் பிள்ளைகளை அடுத்த வீட்டுப் பையனோடு ஒப்பிடுவார்கள். திருவனந்தபுரத்தின் அடுத்த வீட்டுப் பையன் சுவாதி திருநாள் மகாராஜா, 1846-ல் காலமாகிவிட்டவர். ஆகவே அவரை மிஞ்சவும் முடியாது, அவர் ஒரு பரீட்சையிலாவது கோட்டைவிடுவார் என்று காத்திருக்கவும் முடியாது.

அந்தப் பையனின் கதையை ஒரு தகப்பனின் கண்ணோடு படித்தால் வயிற்றைக் கலக்கும். 1810-ல் பாலராம வர்மா மகாராஜா போய்ச் சேர்ந்தார். அடுத்து ஆள ஆண்வாரிசு இல்லை. ராணி கௌரி லட்சுமிபாய் பட்டத்துக்கு வந்தார். கிழக்கிந்தியக் கம்பெனியோ, வாரிசில்லாத சமஸ்தானம் என்றால் பந்தி முடியுமுன் இலையை எடுக்க நிற்கிற ஆள் மாதிரி நின்றது. இந்த நிலையில் ராணி உண்டாகியிருக்கிறார் என்றதும் ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டது. 1813 ஏப்ரலில் பிறந்த பிள்ளைக்கு 'கர்ப்பஸ்ரீமான்' என்று பெயர். கருவிலேயே ராஜா என்று அர்த்தம். காலேஜில் படிக்கும்போதே வேலை கிடைப்பதைத்தான் நாம் ஃப்ளெக்ஸ் அடித்துக் கொண்டாடுகிறோம். இவருக்கு வயிற்றில் இருக்கும்போதே போஸ்டிங். ஸ்கேன் இல்லாத காலம் என்பதையும் நினைத்துப் பாருங்கள். உள்ளே இருப்பது ஸ்ரீமானா ஸ்ரீமதியா என்பது பத்மநாபசுவாமி ஒருவருக்கே வெளிச்சம்.

தொட்டிலில் போட்டதும் கவிஞர் இரயிம்மன் தம்பி ஒரு தாலாட்டுப் பாடினார். கேரளத்தில் இன்றைக்கும் அந்தப் பாட்டைக் கேட்காமல் வளர்ந்த குழந்தை அபூர்வம். பிள்ளையை நிலவா, பூவா, தேனா என்று கேட்டுக்கொண்டே போகும் பாட்டு. அதில் 'தூங்கு' என்ற சொல்லே கிடையாது என்று ரசிகர்கள் சிலாகிப்பார்கள். ராத்திரி இரண்டு மணிக்குக் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தவன் என்ற முறையில் என் கருத்து வேறு: அதுதான் அந்தப் பாட்டிலுள்ள ஒரே குறை. விஷயத்தைச் சொல்லவேண்டாமா?

நாலே மாதத்தில் பிள்ளையைத் தர்பாருக்குத் தூக்கிவந்து, ரெசிடெண்ட் கர்னல் மன்றோ முன்னிலையில் கம்பெனியின் பாதுகாப்பில் ஒப்படைத்தார் ராணி. பிள்ளைக்கு இரண்டு வயது வாக்கில் அவரும் போய்விட்டார். அதன்பின் ரீஜண்டாக ராஜ்யத்தைப் பார்த்துக்கொண்டது சித்தி கௌரி பார்வதிபாய். சித்தி என்றதும் கொண்டையும் அதட்டலுமாக ஓர் உருவம் மனசில் வந்தால் அழித்துவிடுங்கள். 1802-ல் பிறந்தவர், அப்போது அவருக்குப் பதின்மூன்று வயது. என் மகளைவிட ஒரு வயசு கூடுதல். என் மகளை நம்பி நாங்கள் காஸ் அடுப்பைக்கூட ஒப்படைப்பதில்லை.

அப்பா? இருந்தார். சங்கனாசேரி ராஜராஜ வர்மா கோயில்தம்புரான், சமஸ்கிருத பண்டிதர். ஆனால் மருமக்கத்தாய வழக்கத்தில் ராஜாவின் அப்பா என்பது கௌரவப் பதவிதான். பட்டம், சொத்து, குலம் எல்லாம் அம்மா வழி. பிள்ளையின் மார்க் ஷீட்டில் கையெழுத்துப் போடுவதோடு அதிகாரம் தீர்ந்துவிடுகிற தகப்பன். இதைப் படித்தபோது அந்தத் தம்புரான் மேல் எனக்குச் சகோதர பாசமே வந்துவிட்டது. மக்கத்தாயக்காரனான எனக்கும் வீட்டில் அதே அதிகாரம்தான்.

ட்யூஷனுக்குத் தஞ்சாவூரிலிருந்து சுப்பாராவ் வந்தார், இங்கிலீஷ் சுப்பாராவ் என்றே பெயர். சிஷ்யன் 1829-ல் ஆட்சியை ஏற்றான். அடுத்த வருஷமே வாத்தியார் திவான். ட்யூஷன் ஃபீஸ் என்று மாதாமாதம் வாங்கிப்போகிறவர்கள் இதைக் கேள்விப்படாமல் இருப்பதே நல்லது.

அம்மா சொல்லும் துரை, கர்னல் வெல்ஷ். 1825-ல் வந்தார். விருந்தாளி வந்தால் பிள்ளையைக் கூப்பிட்டு, "மாமாவுக்கு ஒரு பாட்டுப் பாடிக் காமி" என்போமே, அரண்மனையிலும் அதே கதைதான். பையனுக்குப் பன்னிரண்டு வயது. யூக்ளிட் புத்தகத்தைப் பிரித்து, முதல் பாகத்தின் 47-ஆம் தேற்றத்தைப் படம் போட்டு விளக்கினான். அதாவது பைதகரஸ். நாட்டுச் சிலேட்டில் போட்டானாம். அதோடு விட்டானா? 'ஜியோமெட்ரி' என்ற சொல்லே 'ஜ்யாமிதி' என்ற சமஸ்கிருதச் சொல்லிலிருந்து வந்தது, 'ஹெக்ஸகன்', 'ஆக்டகன்' எல்லாமே எங்கள் சரக்கு என்று துரையிடம் ஆங்கிலத்திலேயே அடித்துவிட்டான். கிரேக்கர்கள் பக்கத்தில் இருந்திருந்தால் கைகலப்பாகியிருக்கும். துரை அசந்துபோய்ப் புத்தகத்தில் எழுதிவைத்துவிட்டார். அவர் எழுதாமலிருந்தால் எத்தனை தலைமுறைத் திருவனந்தபுரத்துக் குழந்தைகள் நிம்மதியாக வளர்ந்திருக்கும்!

அம்மா அத்தோடு நிறுத்திவிடுவாள். மிச்சத்தை நான்தான் சொல்லவேண்டும். அந்தப் பையன் பெரியவனாகி நானூறுக்கு மேல் கீர்த்தனங்கள் செய்தான். தஞ்சை நால்வரில் ஒருவரான வடிவேலுவுக்கு 1834-ல் தந்தத்தில் வயலின் செய்து கொடுத்தான். நூற்றிருபத்திரண்டு மரக்குதிரைகள் தாங்க ஒரு மாளிகை கட்டினான், அதில் கொஞ்சகாலம்தான் குடியிருந்தான். கம்பெனியின் ரெசிடெண்ட் கல்லன் 1840-ல் வந்து எல்லாவற்றிலும் மூக்கை நுழைக்க, மனம் ஒடிந்து முப்பத்துமூன்று வயதில் போய்விட்டான். வயிற்றிலேயே கிடைத்த வேலை. ராஜினாமா செய்ய ஒரு மேலதிகாரிகூட இல்லாத வேலை.

இதைச் சொன்னால், "அபசகுனமாப் பேசாதே" என்பாள் அம்மா. அதனால் இன்னொரு பையனைக் கொண்டுவருவேன்.

1890-ல் தஞ்சாவூர்ப் பக்கம் பொலகத்தில் பிறந்த ராமய்யா. ஏழு வயதில் அப்பா இல்லை. 1899-ல் அம்மா யோகாம்பாள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு உறவுக்காரரை நம்பித் திருவனந்தபுரம் வந்தாள். இங்கே மலையாளம் படித்து, மகாராஜா சமஸ்கிருத காலேஜில் வியாகரணப் பட்டமும் வாங்கினான். ஆனால் பையனைப் பிடித்தது இலக்கணமில்லை. எங்கள் கரமனையில் வாழ்ந்து 1900-ல் மறைந்த நீலகண்ட சிவனின் பாட்டுகள். 1910-ல் அம்மாவும் போனபின் உத்தியோகம் தேடவேண்டியவன் கோயில் கோயிலாகப் பாடித் திரிந்தான். இன்றைக்கென்றால் சொந்தக்காரர்களின் வாட்ஸாப் குழுவில் அவன் பேரைச் சொல்லியே மற்ற பிள்ளைகளை மிரட்டியிருப்பார்கள். உடம்பெல்லாம் விபூதி பூசிய கோலத்தைப் பார்த்துத்தான் பாபநாசத்துக்காரர்கள் 'சிவன்' என்றார்கள்.

ஆமாம், பாபநாசம் சிவன்தான். சங்கீத கலாநிதி 1971-ல் வந்தது, பத்மபூஷண் 1972-ல். எண்பது தாண்டியபின். அதற்கு ஃப்ளெக்ஸ் வைப்பதென்றால் அப்பா அம்மா எத்தனை வருஷம் காத்திருக்கவேண்டும்?

எனக்குப் பிடித்தது வேறு. 1936-ல் ஒரு சினிமாவில் அவரே குசேலராக நடித்தார். குசேலருக்கு இருபத்தேழு பிள்ளைகள் என்பது நம் ஊர்க் கணக்கு. அத்தனை பேரையும் ஸ்கூட்டரில் ஏற்றி எண்ணிப் பார்த்துக் கிளம்புவதை நினைத்தால் எனக்குத் தலை சுற்றுகிறது. குசேலர் எதையாவது மறந்தார் என்று யாரும் குறைசொன்னதில்லை. அவலுக்கே வழியில்லாதபோது பேனா வாங்கக் கடைக்குள் போகிற பிள்ளை ஏது?

"அவர் கதையா இப்போ முக்கியம்? கொழந்தைய உக்காத்திவெச்சுப் படிப்பக் கவனி," என்றாள் அம்மா.

கவனித்தேன். சிலேட் கிடைக்கவில்லை. ட்யூஷன் சென்டர் நோட்டீஸின் பின்பக்கத்தில் ஒரு செங்கோண முக்கோணம் வரைந்து மகளிடம் நீட்டினேன். துரை மாதிரி கால்மேல் கால் போட்டுக்கொண்டேன்.

"சொல்லு பாக்கலாம். ஜியோமெட்ரி எங்கேர்ந்து வந்துது?"

நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"கிழக்கேகோட்டேலேர்ந்து. ஆட்டோல."