கோல்டன்ராட் ஆசாமி

செப்டம்பரில் அமெரிக்காவின் வடகிழக்குக் காடுகளில் நடைபோகும் கூட்டம் எதுவானாலும் இப்படி ஒருவராவது இருப்பார். கழுத்தில் பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் லென்ஸ். பேண்ட் முழங்காலில் நிரந்தர மண்கறை. மேப்பிள் சிவக்கிறது, மரங்கொத்தி தட்டுகிறது என்று மற்றவர்கள் அண்ணாந்து பார்க்க, இவர் மட்டும் குனிந்தே வருவார். கோல்டன்ராட் என்ற பூச்செடி கண்ணில் பட்டால் போச்சு. கூட வந்தவர்கள் உட்கார இடம் தேட வேண்டியதுதான்.

வட அமெரிக்கக் கண்டத்தில் இதில் எழுபதுக்கும் மேற்பட்ட இனங்கள். கிட்டத்தட்ட எல்லாமே மஞ்சள். வெள்ளையாகப் பூக்கும் சில்வர்ராடை இவர் மதிப்பதே இல்லை. பார்த்ததும் தெரிந்துவிடுகிறதாம், அதில் என்ன இருக்கிறது!

இவர் உயிரை விடுவது நிழலில் வளரும் இரண்டுக்கு. வெட்டவெளிச் செடிகள் பலவும் உச்சியில் கொத்தாகப் பூக்கும். இவை இலைக்கு இலை, கக்கத்தில் கொஞ்சம் கொஞ்சமாகப் பூக்கும். ஒன்று நீலத்தண்டு. இலை ஒல்லி, தண்டின்மேல் திராட்சையில் இருப்பது போலச் சாம்பல் பூத்த மெழுகுப் படலம். கட்டைவிரலால் ஒரு தேய்ப்புத் தேய்ப்பார், நீலம் காணாமல் போகும். "பார்த்தீங்களா?" என்பார். வழியெல்லாம் இப்படித் தேய்த்துக்கொண்டே போவதால், பின்னால் வருகிறவருக்கு நீலத்தண்டே மிஞ்சாது. மற்றது ஜிக்ஜாக். இலை அகலம், ஓரமெல்லாம் பல், தண்டு கணுவுக்குக் கணு திசை மாறும்.

இதோடு முடிந்தால் நல்லது. இரண்டும் கலந்து கலப்பினமும் பிறந்து தொலைக்கிறதே! இலை ஒல்லியும் இல்லை, அகலமும் இல்லை. தண்டு லேசாக வளைகிறது. அந்தச் செடியைப் பார்க்கையில் அவர் முகத்தில் வருகிற பூரிப்பு, பேரன் பிறந்தபோது வந்ததா என்பதை அவர் மனைவியிடம்தான் கேட்க வேண்டும்.

யாராவது தும்மிவிட்டு, "எல்லாம் இந்தப் பூவால்தான்" என்றால் தீர்ந்தது. கோல்டன்ராட் மகரந்தம் கனமானது, பிசுபிசுப்பானது, தேனீயும் வண்டும் சுமந்தால்தான் நகரும் என்று ஆரம்பிப்பார். அதே பருவத்தில் சத்தமில்லாமல் பச்சையாகப் பூத்து, மகரந்தத்தைக் காற்றில் இறைக்கும் ராக்வீட் என்ற செடிதான் குற்றவாளி. முழுக்க முழுக்க உண்மை. சொல்லும்போது அவருக்கே மூக்கு ஒழுகும். அதை நாம் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளக் கூடாது.

அவரோடு போவதானால் தாராளமாகப் போங்கள், ஆள் தங்கம். மதியச் சாப்பாட்டை மட்டும் வண்டியில் விட்டுவிட்டுப் போகாதீர்கள்.