ரசம் சாதத்துக்கு விலக்கு வேண்டும்

பிள்ளை சாப்பிடும் அழகை ஒரு பாட்டாகவே பாடிவைத்தவர் பாண்டியன் அறிவுடைநம்பி. புறநானூற்றில் 188-ஆவது பாட்டு. நெய்ச் சோற்றில் கையை விட்டுத் துழாவி மேலெல்லாம் இறைத்துக்கொள்ளும் பிள்ளை இல்லாதவருக்கு எத்தனை செல்வம் இருந்தும் பயனில்லை என்கிறார். திருவள்ளுவரும் அதே கட்சிதான். பிள்ளை கையால் அளைந்த கூழுக்கு அமுதத்தைவிடக் கூடுதல் மார்க் போடுகிறார். இருவர் சொன்னதிலும் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அளைந்து முடித்த பிறகு தரையைத் துடைத்தது யார் என்பதைப் பற்றி இரண்டு பேருமே மூச்சு விடவில்லை. அறிவுடைநம்பி அரசர், அரண்மனையில் ஆள் இருந்திருக்கும். வள்ளுவருக்கு வாசுகி இருந்தார். எங்கள் வீட்டில் நான் இருக்கிறேன்.

பேரனுக்கு இப்போது ஒன்றே முக்கால் வயது. மகனும் மருமகளும் வேலைக்குப் போகிறவர்கள் என்பதால் அவனை ப்ளே ஸ்கூலில் சேர்ப்பதாக ஏற்பாடு. அங்கே கொடுத்த தாளில் ஒரு நிபந்தனை இருந்தது: குழந்தை தானாக ஸ்பூன் பிடித்துச் சாப்பிடப் பழகியிருக்க வேண்டும். டயப்பர் மாற்றிவிடுவார்களாம், தூங்க வைப்பார்களாம், சோறு மட்டும் ஊட்ட மாட்டார்களாம். இவன் அப்பனுக்குப் பத்தாம் வகுப்புப் பரீட்சை அன்று காலையில்கூட இட்லியைப் பிட்டு வாயில் வைத்து அனுப்பியவள் நான். என்னிடம் போய் இந்தத் தாளை நீட்டினால் எப்படி இருக்கும்?

மருமகள் அன்றைக்கே ஆன்லைனில் ஒரு செட் ஆர்டர் போட்டாள். கைப்பிடி குட்டையாகவும் தடியாகவும் உள்ள ஸ்பூன், முனை மழுங்கிய ஃபோர்க், முன்னால் பை வைத்த ரப்பர் பிப், அடியில் உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும் சிலிக்கான் கிண்ணம்.

"அத்தை, இத டேபிள்ல வச்சு ஒரு அழுத்து அழுத்தினா போதும். அவன் என்ன பண்ணினாலும் தூக்க முடியாது."

எங்கள் மர மேஜையில் அது ஒட்டவே இல்லை. வழவழப்பான பரப்பு வேண்டுமாம். ஹை சேரின் பிளாஸ்டிக் தட்டில் நன்றாகவே ஒட்டியது. பேரன் இழுத்தான், தள்ளினான், கடித்தும் பார்த்தான், அசையவில்லை. ஆனால் பெரியவர்கள் கழற்றி எடுப்பதற்கென்று அந்தக் கிண்ணத்தின் அடி விளிம்பில் ஒரு சின்ன நாக்கு வைத்திருக்கிறார்கள். அதை அவன் கண்டுபிடித்ததை மருமகள் பெருமை பொங்க வீடியோ எடுத்தாள். வீடியோவின் கடைசி நொடியில் பருப்பு சாதம் கேமராவை நோக்கி வருகிறது.

ஸ்பூன் பிடிப்பது என்ன பெரிய வித்தை என்று கேட்பவர்கள், ஸ்பூனை முஷ்டியில் இறுக்கி, உள்ளங்கை கீழே பார்க்கிறபடி வைத்துக்கொண்டு ஒரு வாய் சாப்பிட்டுப் பார்க்கட்டும். இந்த வயதுப் பிள்ளைகள் அப்படித்தான் பிடிக்கிறார்கள். கிண்ணத்தில் இறக்குவதில் சிக்கல் இல்லை. வாய்க்குக் கொண்டுபோகும்போது மணிக்கட்டு திரும்ப வேண்டும். அது இன்னும் வசப்படவில்லை. அதற்குப் பதிலாக முழங்கை உயர்கிறது, தோள் உயர்கிறது, துணைக்குத் தலையும் சாய்கிறது. உதட்டுக்கு ஒரு விரல்கடை தூரத்தில் ஸ்பூன் குப்புறக் கவிழ்கிறது. விழுந்த சோறு பிப்பின் பையில் சேர வேண்டும் என்பது பிப் செய்தவரின் கனவு. அது பைக்கும் வயிற்றுக்கும் நடுவில் வழி கண்டுபிடித்து இறங்கி, மடியில் உட்கார்ந்துகொள்கிறது. பேரனோ காலி ஸ்பூனை வாயில் வைத்துச் சப்பி, கண்ணை மூடி, "ம்ம்ம்" என்கிறான். விருந்து சாப்பிட்ட திருப்தி.

இந்தக் காலி ஸ்பூன் சமாசாரம் உலகப் பொது. கானலி, டால்கிளீஷ் என்று இரண்டு பிரிட்டிஷ் ஆராய்ச்சியாளர்கள், குழந்தைகள் ஸ்பூனுக்குப் பழகுவதை மாதக்கணக்கில் வீடியோ எடுத்து, கண்டதை 1989-ல் வெளியிட்டார்கள். முதலில் ஸ்பூனைக் கிண்ணத்தில் விட்டு விட்டு எடுப்பார்கள்; இல்லாவிட்டால் வாயில் வைத்து வைத்து எடுப்பார்கள். பிறகு கிண்ணத்துக்கும் வாய்க்கும் போக்குவரத்து ஆரம்பிக்கும், ஸ்பூனில்தான் சரக்கு இருக்காது. போகிற வழியில் சோற்றையும் ஏற்றிக்கொள்ள வேண்டும் என்பது அதற்கப்புறம்தான் உறைக்கும். இதை நான் வீட்டுக்காரரிடம் சொன்னேன். "புள்ளைங்க சோறு சிந்துறத உக்காந்து பாக்கிறதுக்குச் சம்பளமா?" என்றார். அதே வேலையைச் சம்பளம் இல்லாமல் பார்க்கிறவளிடம் கேட்கிற கேள்வியா அது?

அவருக்கு வேறொரு கவலை. பேரன் ஸ்பூனை இடது கையில் பிடிக்கிறான். "சோத்தாங்கைல குடு, சோத்தாங்கைல குடு" என்று பக்கத்தில் நின்று மாற்றி மாற்றி வைப்பார். இந்த வயதில் எந்தக் கை என்பது இன்னும் உறுதிப்படாது, இன்று இது, நாளை அது என்று போகும், விட்டுவிடுங்கள் என்றேன். கேட்கவில்லை. கடைசியில் பேரனே ஒரு சமரசத்துக்கு வந்தான். ஸ்பூனை இடது கையில் செங்கோல் மாதிரி நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு, வலது கையால் சோற்றை அள்ளி அள்ளிச் சாப்பிட்டான். ப்ளே ஸ்கூல் சொன்னபடி ஸ்பூனும் பிடித்தாயிற்று. தாத்தா சொன்னபடி சோத்தாங்கையால் சாப்பிட்டும் ஆயிற்று. இவனை வக்கீலுக்குப் படிக்க வைக்கலாம்.

பிறகு இவர் அரசியலுக்குப் போய்விட்டார். ஸ்பூனும் ஃபோர்க்கும் வெள்ளைக்காரன் பழக்கம், நமக்கு எதற்கு என்றார். பிறந்த பிள்ளைக்குச் சங்கில் பால் புகட்டிய பரம்பரை நாம். அந்தச் சங்கு யார் பழக்கமாம்? தவிர, வெள்ளைக்காரரே நானூறு வருஷத்துக்கு முன்பு கையால்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். 1608-ல் தாமஸ் கோரியட் என்கிற ஆங்கிலேயர் இத்தாலிக்குப் போனபோது, அங்கே இறைச்சியை ஃபோர்க்கால் அழுத்திப் பிடித்து வெட்டுவதைப் பார்த்து அசந்துபோனார். ஊர் திரும்பியும் அப்படியே சாப்பிட்டார், 1611-ல் வந்த பயணப் புத்தகத்தில் எழுதவும் செய்தார். சேக்காளிகள் கேலி செய்து பட்டப்பெயரே வைத்துவிட்டார்கள். இங்கிலாந்தில் ஃபோர்க் புழக்கத்துக்கு வர அப்புறமும் வெகுகாலம் பிடித்தது. கோரியட் அத்தோடு நிற்கவில்லை. பெரும்பாலும் நடந்தே இந்தியாவுக்கு வந்து சேர்ந்தார். அஜ்மீரில் ஜஹாங்கீர் முன்னால் பாரசீகத்தில் பேசி நூறு ரூபாய் வாங்கினார். 1617 டிசம்பரில் சூரத்தில் வயிற்றுக் கடுப்பு முற்றி இறந்தும் போனார். கதையை முழுக்கக் கேட்ட எங்கள் வீட்டு நீதிபதியின் தீர்ப்பு: "கை கழுவாம சாப்பிட்டிருப்பான்."

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஸ்பூன் பழக்கத்தில் பாதி வேலை சமையலறையில் முடிகிறது. என்ன ஸ்பூன், எந்த ஊர் ஸ்பூன் என்பதெல்லாம் பெரிதில்லை. ஸ்பூனில் எது உட்காரும் என்பதுதான் கேள்வி. குழையப் பிசைந்த தயிர் சாதம் உட்காரும். மிளகைப் பொறுக்கி எடுத்துவிட்ட வெண்பொங்கல் உட்காரும். இளஞ்சூட்டில் கெட்டிப்பட்ட கேழ்வரகுக் கூழ் அருமையாக உட்காரும். ஸ்பூனைக் கவிழ்த்துப் பார்க்க வேண்டும். உடனே விழவில்லையென்றால் அதுதான் பதம். உதிர் உதிராக வடித்த சாதத்தில் பருப்பைத் தெளித்துக் கொடுத்துவிட்டு, பிள்ளை சிந்துகிறான் என்று புலம்பிப் பயனில்லை. ரசம் சாதத்தை ஸ்பூனில் சாப்பிடப் பெரியவர்களுக்கே பொறுமை போதாது. அதன் இடம் உள்ளங்கை.

ஃபோர்க்கை ஸ்பூனுக்குப் பிறகுதான் கொடுக்க வேண்டும் என்று நினைத்திருந்தேன். கொடுத்துப் பார்த்தால் அவனுக்கு அதுதான் சுலபமாக இருந்தது. குத்தினால் ஒட்டிக்கொள்கிறது, மணிக்கட்டைத் திருப்பும் வேலையே இல்லை. நம் ஊரில் அதற்கென்றே கடவுள் படைத்தது மினி இட்லி. இரண்டாக நறுக்கி, சாம்பாரில் மிதக்க விடாமல், ஊறி ஈரமான பிறகு எடுத்துத் தட்டில் பரப்பிவிட்டால் போதும். வேகவைத்த காரட், பப்பாளித் துண்டும் சரிப்படும். திராட்சையை நீளவாக்கில் வெட்டாமல் கொடுக்கக் கூடாது. முழு வேர்க்கடலை கூடவே கூடாது. வாயில் ஃபோர்க்கோடு எழுந்து ஓடினால், ஓடுகிற இடத்திலேயே பிடித்துப் பிடுங்கிவிட வேண்டும். இதில் மட்டும் பாட்டியின் செல்லம் செல்லாது.

வள்ளுவரைப் பற்றி ஒரு செவிவழிக் கதை உண்டு. சாப்பிட உட்காரும்போது பக்கத்தில் ஒரு ஊசியும் கிண்ணத்தில் தண்ணீரும் வைக்கச் சொல்வாராம். சிந்துகிற பருக்கையை ஊசியால் குத்தி எடுத்து, தண்ணீரில் அலசிச் சாப்பிட. வாசுகி ஒரு பருக்கைகூடச் சிந்தாமல் பரிமாறியதால் ஊசிக்கு வேலையே வரவில்லையாம். தமிழ்நாட்டின் முதல் ஃபோர்க் அதுவாகத்தான் இருக்க வேண்டும். பயன்படாமலே போனது. எங்கள் ஹை சேருக்கு அடியில் உட்கார்ந்தால் அந்த ஊசிக்கு மூன்று வேளையும் ஓவர்டைம். நான் ஊசியை நம்பவில்லை. பழைய பெட்ஷீட்டை விரித்து, சாப்பாடு முடிந்ததும் நாலு முனையையும் கூட்டிப் பிடித்து மாடியில் கொண்டுபோய் உதறுகிறேன். காக்கைகளுக்கு எங்கள் வீட்டுச் சாப்பாட்டு நேரம் மனப்பாடம்.

எங்களுக்குப் பலித்த உபாயம் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஸ்பூன் இரண்டு வேண்டும். ஒன்று அவன் கையில், இன்னொன்று என் கையில். என் ஸ்பூனில் சோற்றை எடுத்து, வாயில் வைக்காமல், கைப்பிடி அவன் பக்கம் இருக்கிறபடி நீட்டுவேன். அவன் அதை வாங்கிக்கொண்டு காலி ஸ்பூனைத் திருப்பித் தருவான். இப்படியே பண்டமாற்று நடக்கும். ஊட்டுகிற ஆசையும் எனக்குப் பாதி தீர்கிறது, தானே சாப்பிட்ட பெயரும் அவனுக்குக் கிடைக்கிறது. கூடவே வீட்டில் யாராவது ஒருவர் எதிரில் உட்கார்ந்து அதே சாதத்தை ஸ்பூனில் சாப்பிட வேண்டும். அந்தப் பொறுப்பு தாத்தாவுக்குப் போனது. முதல் நாள் அவர் சட்டையில் சிந்தியதையும் பேரன் சட்டையில் சிந்தியதையும் வைத்து யாருடையது அதிகம் என்று சொல்வது சிரமம். இப்போது அவர் தேறிவிட்டார். பேரனும் ஒரு வேளைக்குப் பாதிக் கிண்ணத்தை ஸ்பூனால் முடிக்கிறான், மீதியைக் கையால்.

கையை அவன் விடப்போவதில்லை, விடவும் கூடாது. பத்து மாதத்திலேயே தரையில் கிடந்த கடுகைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் கிள்ளி எடுத்து வாயில் போட்டவன். நாங்கள் கத்தியும் கேளாமல் போட்டான். சூடு இருக்கிறதா, முள் இருக்கிறதா, கல் இருக்கிறதா என்று விரல் சொல்வதை எந்தக் கம்பெனி ஸ்பூனும் சொல்லாது.

ஆகவே ப்ளே ஸ்கூல் நடத்துகிறவர்களுக்கு ஒரு பாட்டியின் வேண்டுகோள். ஸ்பூன் பிடிக்கச் சொல்லுங்கள், பழக்கி அனுப்புகிறோம். தயிர் சாதம், பொங்கல், கூழ் எல்லாம் ஸ்பூனோடு வரும். வாரத்தில் ஒரு நாள் டப்பாவில் ரசம் சாதம் வைப்போம். அன்றைக்குப் பிள்ளைகளைக் கையால் சாப்பிட விடுங்கள். கை கழுவும் குழாயை மட்டும் அவர்கள் உயரத்துக்கு இறக்கி வையுங்கள். மாற்றுச் சட்டையும் தரைக்கு விரிக்கப் பழைய பெட்ஷீட்டும் நாங்களே கொடுத்தனுப்புகிறோம்.