இவருக்குப் பதில் இவர்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் ‘டாக்டர் ஹூ’ என்று சொன்னால், முட்டிவலிக்குப் பார்ப்பாரா, டோக்கன் முதல் நாளே போட வேண்டுமா என்று கேட்பார்கள். 1963 நவம்பர் 23 அன்று பிபிசியில் தொடங்கி, 1989-இல் படுத்து, 2005-இல் எழுந்து உட்கார்ந்த தொடர் அது. காலத்தில் முன்னும் பின்னும் போகிற ஒரு வேற்றுக்கிரக ஆசாமி, நீலநிற போலீஸ் பெட்டி ஒன்றில் ஏறி ஊர் ஊராகச் சுற்றுகிறார். அறுபது வருஷமாக இதுதான் கதை. முதல் கதையை இயக்கிய வாரிஸ் ஹுசைன் நம் லக்னோவில் பிறந்தவர். அந்தப் பாசத்துக்காவது நாலு பேர் பார்க்கக் கூடாதா?

பார்க்க மாட்டார்கள். “நம்பற மாதிரியா இருக்கு?” என்பார்கள். எனக்கு ஆத்திரம் வருவது இந்த இடத்தில்தான். எங்கள் மாவட்டத்துக்காரர்கள் நம்பாத விஷயமா?

வேற்றுக்கிரகப் படையெடுப்பையே எடுத்துக்கொள்வோம். 1690-இல் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் தேவனாம்பட்டினம் கோட்டையை மராட்டியரிடமிருந்து விலைக்கு வாங்கினார்கள். கோட்டையோடு சுற்றுவட்டாரமும் உண்டு. எவ்வளவு தூரம்? பீரங்கிக் குண்டு போய் விழுகிற தூரம். சர்வேயர் இல்லை, சங்கிலி இல்லை, பட்டா சிட்டா எதுவும் இல்லை. நாலாபக்கமும் சுட்டார்கள், விழுந்த இடம் வரை அவர்களுடையது. அந்தக் கிராமங்களுக்குக் குண்டு கிராமங்கள் என்றே பேர். இன்றைக்கும் குண்டு உப்பலவாடி இருக்கிறது, பஸ் போகிறது. காலையில் கத்தரிக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தவர் தலைக்கு மேல் ஏதோ விர்ரென்று போய், சாயங்காலம் அவர் வேறு நாட்டுக் குடிமகன். டாக்டர் ஹூவில் டாலெக் என்று ஒரு ஜாதி உண்டு. உலோகக் கூண்டுக்குள் உட்கார்ந்து ‘அழித்துவிடு’ என்று கத்திக்கொண்டே வரும். அதுகூட இத்தனை சுளுவாக ஓர் ஊரை எழுதி வாங்கியதில்லை.

சிதம்பரம் இன்னும் மோசம். என் மாமியார் வீடு கீழவீதியில். திரையை விலக்கினால் தங்க வில்வமாலை தொங்கும். அதற்குப் பின்னால் ஒன்றும் இருக்காது. அந்த வெட்டவெளிதான் சாமி. ஆகாயத்தையே கன்னத்தில் போட்டுக்கொண்டு கும்பிடுகிற ஊர். அந்த ஊர் நடராஜரின் சிலை ஒன்று 2004 முதல் ஜெனீவாவில், அணுவுக்குள் குடைந்து பார்க்கிற செர்ன் ஆராய்ச்சிக்கூடத்தில் ஆடிக்கொண்டிருக்கிறது. விஞ்ஞானி வந்து கும்பிடுகிறான். கீழவீதியில் விண்வெளிக் கதை என்றால் சேனலை மாற்றுகிறார்கள்.

காலப்பயணம் மட்டும் என்ன? சிதம்பரத்திலிருந்து ரயிலேறினால் கொஞ்ச நேரத்தில் வைத்தீஸ்வரன்கோயில். மாமியாரோடு நானும் ஒருமுறை நாடி பார்க்கப் போனேன். ஆம்பளை என்பதால் வலது கட்டைவிரல் ரேகை. ஓலைக்கட்டு வந்தது.

“தகப்பனார் பேர் உயிரெழுத்தில் ஆரம்பமா?”

“இல்லீங்க.”

ஓலை புரண்டது. “முருகன் பேரா?”

“இல்லீங்க.”

மறுபடி புரண்டது. “பெருமாள் பேரா?”

“ஆமாங்க.”

இப்படியே போய்க் கடைசியில் என் அப்பாவின் பேரை எனக்கே சொன்னார். மாமியார் கண் கலங்கிவிட்டார். டாக்டர் பாவம், ஒவ்வொரு நூற்றாண்டுக்கும் நேரில் போய்வர வேண்டியிருக்கிறது. நம் முனிவர்கள் உட்கார்ந்த இடத்திலேயே என் விருத்தாசலம் டிரான்ஸ்பரை எழுதிவைத்துவிட்டார்கள். இதே நாடி ஜோதிடத்தை வைத்து இந்திரா சௌந்தர்ராஜன் எழுதி, நாகா இயக்கி, சன் டிவியில் ‘சிதம்பர ரகசியம்’ வந்தபோது மாமியார் வீட்டில் போனைக்கூட எடுக்க ஆளில்லை. நல்ல தொடர், நானும் பார்த்தேன். ஓலையில் வந்தால் நம்பிக்கை, நீலப்பெட்டியில் வந்தால் ரீலா?

என் மனைவியிடம் இந்த வாதம் எடுபடவில்லை. சரி, கதைசொல்லும் சாமர்த்தியத்தையாவது மெச்சுவாள் என்று 1966 விஷயத்தைச் சொன்னேன். டாக்டராக நடித்த வில்லியம் ஹார்ட்னெல்லுக்கு உடம்பு முடியவில்லை. தொடரை நிறுத்த மனசில்லை. வேற்றுக்கிரகத்து ஆள்தானே, உயிர் போகிற நேரத்தில் உடம்பைப் புதுப்பித்துக்கொள்வார் என்று ஒரு வழி கண்டுபிடித்தார்கள். தரையில் ஹார்ட்னெல் படுத்தார். பேட்ரிக் ட்ரௌட்டன் எழுந்தார். தொடர் இன்றுவரை உயிரோடு இருப்பதற்கு அந்த ஒரு யோசனைதான் காரணம்.

அவள் பூக்கட்டுவதை நிறுத்தவில்லை. “இதுக்கு எதுக்குங்க இவ்ளோ பாடு? ‘இவருக்குப் பதில் இவர்’னு கீழே ஒரு வரி போட்டா முடிஞ்சுது.”

நான் வாயடைத்துப்போனேன். நேற்றுவரை ஒல்லியாக, சிவப்பாக இருந்த மூத்த மருமகள் இன்று குண்டாக, மாநிறமாகக் காபி கொண்டுவருகிறாள். கட்டின புருஷன் வாங்கிக் குடிக்கிறான். சர்க்கரை கம்மி என்கிறான், அவ்வளவுதான். டாக்டர் மாறினால் கூட இருப்பவர்கள் கொஞ்ச நேரமாவது சந்தேகப்படுவார்கள். அந்த மரியாதைகூட இங்கே கிடையாது.

பழைய எபிசோடுகள் பலவற்றை பிபிசியே அழித்துத் தொலைத்தது. அதில் ஒன்பது நைஜீரியாவில் கிடைத்ததென்று 2013-இல் ரசிகர்கள் கொண்டாடினார்கள் என்றும் சொல்லிப் பார்த்தேன். “அதுக்கு ஏன் ஆப்பிரிக்கா வரைக்கும் தேடணும்? விட்டுட்டு அடுத்ததைப் பார்க்க வேண்டியதுதானே” என்றாள். அவள் சொல்வாள். தங்கை பிரசவத்துக்குப் போய் ஒரு மாசம் கழித்து வந்து உட்கார்ந்தபோது, அவளுடைய சீரியலில் அதே கல்யாண மண்டபத்தில் தாலியைக் கையில் பிடித்தபடி மாப்பிள்ளை நின்றுகொண்டிருந்தான்.

கடைசியில் என்னைக் காப்பாற்றியவர் மாமியார். கண் ஆபரேஷனுக்குப் பிறகு எங்கள் வீட்டில் தங்கியிருந்தவர், ஒரு மத்தியானம் கத்தரிக்காய் கொத்சுவும் சம்பா சாதமும் சாப்பிட்ட மயக்கத்தில் எழுந்து போகாமல் பார்த்துவிட்டார். நான் பக்கத்தில் உட்கார்ந்து தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். டேவிட் டென்னன்ட் டாக்டராக வருகிற 2006-ஆம் வருஷத்துக் கதை. டாக்டரும் ரோஸ் என்கிற பெண்ணும் வெவ்வேறு உலகங்களில் மாட்டிக்கொள்கிறார்கள். ஆளரவமற்ற கடற்கரையில் அவருடைய உருவம் மட்டும் வந்து நிற்கிறது. அவள் அழுதுகொண்டே மனசிலிருப்பதைச் சொல்லிவிடுகிறாள். அவர் பதிலைச் சொல்லி முடிப்பதற்குள் உருவம் மறைந்துவிடுகிறது.

“சொல்லித் தொலைய வேண்டியதுதானே!” என்றார் மாமியார். முந்தானையால் துடைக்கப் போனவரை, ஆபரேஷன் கண் என்று நான்தான் தடுத்தேன்.

மறுநாளிலிருந்து மத்தியானம் அவரே டிவிக்கு எதிரில் வந்து உட்கார்ந்தார். பையன் இளைத்திருக்கிறான், வேளாவேளைக்கு யார் சாப்பாடு போடுகிறார்கள் என்று விசாரித்தார். அந்தப் பெண்ணை ஒருநாள் சேர்த்துவைப்பார்களா என்றார். பார்க்கலாம் அத்தை, ஆனால் கொஞ்ச நாளில் இவருக்கு முகம் மாறிவிடும், மாட் ஸ்மித் என்று வேறொரு பையன் வருவான் என்றேன்.

மூத்த மருமகள்கள் மாறியபோதெல்லாம் கண் சிமிட்டாதவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“அதெல்லாம் ஆகாது மாப்பிள்ளை. இந்தப் புள்ளைய மாத்தினா நான் பாக்க மாட்டேன்.”

உலகெங்கும் டாக்டர் ஹூ ரசிகர்கள் ஒவ்வொரு முறையும் இதைத்தான் சொல்கிறார்கள். சொல்லிவிட்டு, அடுத்த வாரமும் பார்க்கிறார்கள்.