லண்டன் கிட்ட, கட்டுநாயக்க தூரம்!

கேள்வி: கண்டியிலிருந்து லண்டனுக்கு விமானத்தில் எத்தனை கிலோமீட்டர், எவ்வளவு நேரம்? மகளைப் பார்க்கப் போகிறேன்.
– ஒரு வாசகி, கட்டுகஸ்தோட்டை

பதில்: கண்டியிலிருந்து விமானமா, அம்மா? பொல்கொல்ல நீர்த்தேக்கத்தில் சிறிய மிதவை விமானங்கள் இறங்கியதுண்டு. அவற்றை நம்பி லண்டன் போக முடியாது. கட்டுநாயக்கவுக்குத்தான் இறங்க வேண்டும். அங்கிருந்து ஹீத்ரோவுக்கு நேர்வழியில் சுமார் 8,700 கிலோமீட்டர். எங்கும் நிற்காத விமானத்துக்கு ஏறத்தாழ 11 மணி நேரம். திரும்பும்போது கொஞ்சம் சீக்கிரமாகவே வந்துவிடுவீர்கள். விமானிக்கு ஊர் ஆசை என்று நினைக்க வேண்டாம்; உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஓடும் காற்று பின்னாலிருந்து தள்ளும்.

ஆக, வானத்தில் மணிக்குச் சராசரி 800 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. சிக்கல் தரையில்தான். கட்டுநாயக்க 100 கிலோமீட்டர் சொச்சம். கடுகண்ணாவ வளைவுகளில் ஒரு கொள்கலன் லொறி முன்னால் ஊர்ந்தால் மூன்றரை மணி நேரம் போய்விடும். அதாவது மணிக்கு 30 கிலோமீட்டர். மத்திய அதிவேக வீதியில் மீரிகம–குருநாகல் துண்டு 2022 ஜனவரியில் திறந்தது. கண்டிக்கு இன்னும் வந்து சேரவில்லை! பெரஹெர நாட்களில் பயணமென்றால், முதல் நாளே நீர்கொழும்பில் ஒரு சொந்தக்காரரைக் கண்டுபிடித்து வையுங்கள்.

இன்னொன்று: லண்டன் நேரம் கோடையில் நமக்கு நான்கரை மணி நேரம் பின்னால், குளிர்காலத்தில் ஐந்தரை. காலை ஏழு மணிக்குத் தேநீரோடு உட்கார்ந்து மகளுக்குப் போன் போட்டுவிடாதீர்கள்.