விதியை விட்டுக்கொடு, கொட்டையை விடாதே

ஏம்பா பேராண்டி, ஓசூர் சிப்காட்டுக்கு வந்து நாலு காசு சேத்தியோ இல்லையோ, சண்டை போட நல்லாக் கத்துக்கிட்ட. ரெண்டாவது ஷிப்ட் முடிஞ்சு கம்பெனி பஸ்ல வந்து இறங்கி, சோத்தைத் தின்னுட்டுத் தூங்காம, மொட்டைமாடியில சாக்பீஸால கட்டம் போட்டு மூணு பாஷையில கத்துறீங்க. கீழ்வீட்டு அம்மா சொத்துத் தகராறுன்னு நெனச்சு பஞ்சாயத்துக்கு ஆள் தேடுது. தாயம் ஆடுற சத்தம்னு சொன்னா நம்பவா போகுது?

உன் கட்சி என்ன? தாயம் விழுந்தாத்தான் காய் இறங்கும். ஒண்ணு, அஞ்சு, ஆறு, பன்னெண்டு விழுந்தா மறுபடி உருட்டலாம். சரி. குப்பத்துத் தம்பி அதெல்லாம் கெடையாது, அஷ்டா சம்மாதான் ஆட்டம்ங்குது. ஆனேக்கல் தம்பி சௌகாபாராதான் அசல்னு மல்லுக்கு நிக்குது. அதுங்க ரெண்டும் ஒண்ணையொண்ணு மொறைக்கிறதுதான் எனக்குப் பிடிபடல. ரெண்டுக்கும் அதே அஞ்சுக்கு அஞ்சு கட்டம், அதே நாலு சோழி. நாலும் மல்லாந்தா நாலு, நாலும் கவுந்தா எட்டு, ரெண்டுக்கும் இன்னொரு தரம் போடலாம். ஒருத்தரை ஒருத்தர் வெட்டாம உள்கட்டத்துக்குப் போகக் கூடாது. இதுல எங்கப்பா வந்துச்சு வேற ஆட்டம்? அத்திப்பள்ளி செக்போஸ்ட்டைத் தாண்டினா சோழி கன்னடத்துல கவுந்து விழுமா?

இதுக்கு நடுவுல அந்த நாலாவது பையன், தருமபுரிக்காரன், போனை நீட்டுறான். லூடோவுல ஆறு விழுந்தாத்தான் காய் வெளிய வரும், அதுதான் உலகத்துச் சட்டமாம். அடேய், நம்ம பச்சீசியைக் கொண்டுபோய், சோழியைத் தூக்கிப்போட்டு ஒத்தைப் பகடையைக் குடுத்து, 1896-ல இங்கிலாந்துல பதிவு பண்ணின சரக்கு அது. நம்ம வீட்டு மாட்டைப் பிடிச்சுட்டுப் போனவன் கொம்புக்கு வர்ணம் அடிச்சுத் திருப்பி ஓட்டியாந்தா, சீமை மாடுன்னு மாலை போடுற ஆளு நீங்க. அதுலயும் பாரு, மூணு தரம் தொடந்து ஆறு விழுந்தா ஆட்டம் கைமாறிப் போயிடுமாம். அதிர்ஷ்டம் கூடிப்போனா அபராதம் போடுறது நம்ம ஊருல பங்காளிங்க செய்யிற வேலை. அதை வெள்ளைக்காரன் எங்க கத்தான்னு தெரியல.

எலக்ட்ரானிக் சிட்டிக்கு வேலைக்குப் போற கண்ணாடிக்காரத் தம்பி ஒண்ணு இருக்குதே, அது சொன்ன கதைதான் கதை. அமெரிக்காவுல டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்னு ஒரு ஆட்டமாம். 1974-ல வந்தது. மேசையைச் சுத்தி உக்காந்து, ஒருத்தன் மந்திரவாதி, ஒருத்தன் வீரன்னு வேசம் கட்டி, இருபது முகப் பகடையை உருட்டி ஆடுறது. அந்தக் கம்பெனிக்காரன் 2008-ல நாலாம் பதிப்புன்னு விதியைத் தலைகீழா மாத்திப்புட்டான். பழைய ஆளுங்க கொதிச்சுப் போயி, பழைய விதியை ஒட்டி 2009-ல வந்த பாத்ஃபைண்டர் பக்கம் பெட்டியைக் கட்டிட்டாங்க. 2014-ல அஞ்சாம் பதிப்பு வந்துச்சு, 2024-ல அதையும் திருத்தினாங்க. ஒவ்வொண்ணுக்கும் ஒரு கட்சி, ஒவ்வொரு கட்சிக்கும் கைகலப்பு.

எனக்குச் சிரிப்பு தாங்கல. அங்க ஆட்டத்துக்கு மொதலாளி இருக்கான், அவன் மாத்துறான், அதனால சண்டை. இங்க தாயத்துக்கு மொதலாளியே இல்ல. இதுதான் விதின்னு சொல்ல ஆளில்ல, அதனால வீட்டுக்கு ஒரு பதிப்பு. அதுக்கும் சண்டை.

ராசாவே சும்மா இருக்கல தெரியுமா? மைசூர்ல மும்மடி கிருஷ்ணராஜ உடையார்னு ஒருத்தர். 1831-ல வெள்ளைக்காரன் நிர்வாகத்தைப் பிடுங்கிக்கிட்டான். மனுசன் என்ன பண்ணாரு, விதவிதமா ஆட்டப் பலகை போட்டாரு. ஜகன்மோகன் அரண்மனைச் சுவத்துல எழுதி வெச்சிருக்கு, லீவு கெடைச்சா போய்ப் பாரு. நாடு போனா என்ன, கட்டத்துக்குள்ள விதி போடுற அதிகாரம் கையில இருந்துச்சில்ல? உனக்கும் அதே கேசுதான். லைன்ல சூப்பர்வைசர் சொன்னதுக்கெல்லாம் தலையாட்டிட்டு வந்து, ராத்திரியில கட்டத்துக்கு நீ சட்டம் போடுற.

இப்ப உன் பாட்டி கதைக்கு வா. கெலமங்கலத்துல அவளை ஜெயிச்சவன் கெடையாது. எங்க வூட்டுல வெட்டாத காய் பழமாகாது. தேன்கனிக்கோட்டையில இருந்து வர்ற அவ அண்ணன்மாருங்க, வெட்டு வேண்டாம், நேராப் பழம்னு குதிப்பாங்க. நான் விடுவேனா? விடிய விடிய வாக்குவாதம். அவ மட்டும் வாயே தொறக்க மாட்டா. திண்ணைக் கல்லுல ஆறு புளியங்கொட்டையை ஒரு பக்கம் வெள்ளை தெரியிற மட்டும் தேச்சுக்கிட்டு இருப்பா. தேச்சு, ஊதி, உள்ளங்கையில குலுக்கிப் பாத்து, மறுபடி ஒண்ணை மட்டும் எடுத்து இன்னும் ரெண்டு தேய்ப்பு. அப்புறம் நிமிந்து, 'உங்க முறையிலேயே ஆடலாம் அண்ணே, எனக்கென்ன' அப்படீம்பா.

அவங்க முறையில ஆடுவா, ஜெயிப்பா. அடுத்த ஆட்டம் என் முறையில ஆடுவா, அதுலயும் ஜெயிப்பா. நாங்க அப்பவும் விதி சரியில்லன்னுதான் கத்திக்கிட்டு இருந்தோம். எவன் பார்வையும் கொட்டை மேல போகல. எனக்கே விசயம் புரிய ரெண்டு புள்ளைங்க பொறந்தாச்சு.

அதனால நீயும் கத்து, நான் வேண்டாம்னு சொல்லல. காய் வெட்டுப்பட்ட பொறவு ஞாபகம் வர்ற விதியை மட்டும் எவனும் நம்ப மாட்டான், அதைக் கட்டை உருள்றதுக்கு முன்னாடியே சொல்லிப்புடு. இன்னிக்கு ராத்திரி நானும் மாடிக்கு வர்றேன். குப்பத்து முறையா, ஆனேக்கல் முறையா, உன் முறையா, இல்ல அந்தப் போன் முறையா, நீங்களே பேசி முடிவு பண்ணுங்க, எனக்கு ஒரு ஆட்சேபணையும் இல்ல. பித்தளைக் கட்டை, சோழியெல்லாம் வேண்டாம். புளியங்கொட்டை நான் மடியில கட்டிக்கிட்டு வந்திருக்கேன்.