பூனையை மடியில் கட்டிக்கொண்டு

பூனையை மடியில் கட்டிக்கொண்டு சகுனம் பார்த்த ஒருவனைப் பற்றி நம் முன்னோர்கள் பழமொழி சொல்லி வைத்திருக்கிறார்கள். அப்படி ஒருவன் உண்மையிலேயே எங்கேனும் இருந்திருப்பானா, இருந்தால் எந்தக் காரியத்தை உத்தேசித்து அந்தக் கோலத்தில் புறப்பட்டிருப்பான் என்று இளமையில் நான் யோசித்ததுண்டு. என்னுடைய அறுபத்தொன்றாவது வயதில், திருவான்மியூரில், ஒரு புதன்கிழமைக் காலையில், என் தமக்கையார் பஞ்சாங்கமும் கையுமாக வாசற்படியில் நிற்க, ஒன்றுக்கு இரண்டாகப் பூனைகளைக் கூடையில் அடைத்துத் தூக்கிக்கொண்டு தெருவில் இறங்கியபோதுதான், அந்தப் பழமொழிக்கு உதாரண புருஷன் நானே என்பது எனக்கு விளங்கிற்று.

யாத்திரை என்றால் எனக்கு உயிர். கூட்டத்தோடு செய்யும் யாத்திரை என்றாலோ அந்த உயிரே போய்விடும். தணிக்கை இலாகாவில் 34 வருஷம் உத்தியோகம் பார்த்து, ஜில்லா ஜில்லாவாகச் சென்று, பயணியர் மாளிகைகளில் எவர் எவரோ படுத்தெழுந்த கட்டில்களில் மூட்டைப்பூச்சிகளோடு சமரச உடன்படிக்கை செய்துகொண்டு உறங்கியவனாகையால், ஓய்வு பெற்ற அன்றே ஒரு சங்கற்பம் செய்துகொண்டேன்: இனி எந்த ஊருக்குப் போனாலும் என் கட்டிலும் என்னோடு வரவேண்டும். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை ஏற்றி இறக்கி அலுத்துப்போயிருந்த மஞ்சள் வேன் ஒன்று அந்தச் சமயத்தில் விலைக்கு வந்தது. அதை வாங்கி, இருக்கைகளைக் கழற்றிவிட்டு, கட்டிலும் ஒற்றை அடுப்பும் தண்ணீர்க் கேனும் கூரைமேல் சூரிய மின்தகடும் பொருத்துவதென்று தீர்மானித்தேன். 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவுப்படி, வண்டியின் அமைப்பை மாற்றுவதற்கு அதிகாரியின் அனுமதி வேண்டும். அனுமதி பெறப் போன இடத்தில், "இதில் எத்தனை பேர் பிரயாணம் செய்வீர்கள்?" என்று ஒருவர் கேட்டார். "நான் ஒருவன், இரண்டு பூனைகள்" என்றேன். அவர் பேனாவைக் கீழே வைத்து, என்னைச் சற்று நேரம் அநுதாபத்தோடு பார்த்துவிட்டு, மறுபடி எடுத்து 'ஒன்று' என்று எழுதிக்கொண்டார். "பூனைக்கெல்லாம் காலம் இல்லை சார்" என்றார். படிவத்திலுள்ள கட்டத்தைத்தான் அவர் குறிப்பிட்டார் என்று நம்புகிறேன்.

பூனைகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். மூத்தது, ஆறு கிலோ எடையுள்ள செவலைக் கடுவன். யார் எதற்காக வந்து நின்றாலும் அரை மணி நேரம் காக்கவைத்துவிட்டுப் பிறகே கண் திறந்து பார்க்கும் சுபாவத்தை உத்தேசித்து அதற்குத் தாசில்தார் என்று பெயரிட்டேன். இளையது மூன்று நிறத்தது. மூன்று நிறமும் கலந்து பிறக்கும் பூனைகள் அநேகமாக எல்லாமே பெண்ணாகத்தான் இருக்கும் என்பது இயற்கையின் விசித்திர விதிகளுள் ஒன்று. குப்பைத்தொட்டியின் அடியில் கண்டெடுத்த காரணத்தால் அவள் குப்பம்மாள்.

இவ்விருவரையும் தமக்கையாரிடம் விட்டுச் செல்வதே விவேகம் என்று அனைவரும் சொன்னார்கள். நானோ நூல்களைப் புரட்டி முன்னுதாரணம் தேடினேன். அமெரிக்க நாவலாசிரியர் ஜான் ஸ்டைன்பெக், 1960-இல், சிறு அறை பொருத்திய லாரி ஒன்றில், சார்லி என்ற நாயோடு தம் தேசத்தைச் சுற்றி வந்திருக்கிறார். ஆனால் நாயோடு ஊர் சுற்றுவது ஒரு சாதனையாகுமா? எஜமானன் இருக்கும் இடம் நாய்க்கு வீடு. பூனைக்கோ வீடு இருக்கும் இடமே வீடு, எஜமானன் என்பவன் அதிலுள்ள தட்டுமுட்டுச் சாமான்களில் ஒருவன். பூனையோடு பிரயாணம் செய்தவர் யாருமில்லையா என்று மேலும் தேடியபோது, 1801 முதல் 1803 வரை ஆஸ்திரேலியாவைக் கப்பலில் வலம் வந்த மாத்யூ ப்ளிண்டர்ஸும் அவருடைய பூனை ட்ரிம்மும் அகப்பட்டார்கள். ஒரு கண்டத்தையே பூனை சுற்றி வந்திருக்கும்போது, பாண்டிச்சேரி வரையில் போவதற்கு என்ன தடை என்று எனக்கு உற்சாகம் பிறந்தது. ட்ரிம் 1799-இல் நடுக்கடலில், கப்பலிலேயே பிறந்த பூனை என்பதையும், என்னுடையவை திருவான்மியூர் மண்ணில் வேர் விட்டவை என்பதையும் அந்த உற்சாகத்தில் நான் கவனிக்கத் தவறினேன்.

பூனைகள் ஜன்னலோரம் படுத்து வேடிக்கை பார்ப்பதற்காக, தச்சரிடம் சொல்லித் தேக்கில் ஒரு பலகை அடிக்கச் செய்தேன். அவர் இழைப்புளியை நிறுத்திவிட்டு, "தேக்கா சார்? எங்க வீட்டுக் கட்டிலே வேப்ப மரம்தான்" என்றார். அதன் பிறகு அந்தப் பலகையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கொஞ்சம் கூச்சமாகவே இருந்தது. பூனைகளுக்குக் கூச்சமும் இல்லை, நன்றியும் இல்லை. ஒரு முறை முகர்ந்து பார்த்துவிட்டு, இருவரும் பிரேக் மிதியின் அடியில் சென்று படுத்துக்கொண்டார்கள். ஆதலால் ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் கம்பிவலைத் தடுப்பொன்று போடவேண்டியதாயிற்று. இரண்டு வாரம் வேனை வீட்டு வாசலில் நிறுத்தி, அதற்குள்ளேயே சோறும் நெத்திலியும் வைத்துப் பழக்கினேன். நிற்கின்ற வேனைப் பற்றி அவர்களுக்கு யாதொரு ஆட்சேபமும் இல்லை.

புறப்பாட்டுக்கு வியாழனைத்தான் முதலில் குறித்தேன். வியாழக்கிழமை தெற்கே சூலம் என்று தமக்கையார் தடுத்துவிட்டார். "போகிறதே பூனையோட போறே, சூலத்தையும் சேர்த்துக்காதே தம்பி" என்றார். புதனன்று ஏழரை முதல் ஒன்பது வரை எமகண்டம், பன்னிரண்டு முதல் ஒன்றரை வரை ராகுகாலம். ஆகவே ஆறரை மணிக்கே கிளம்பிவிடுவது என்று ஏற்பாடு. பிரயாணத்தில் குமட்டல் வராதிருக்க, புறப்படுவதற்குச் சில மணி நேரம் முன்பிருந்தே ஆகாரம் கொடுக்கலாகாது என்று கால்நடை மருத்துவர் சொல்லியிருந்தார். விடியற்காலையில் தட்டில் நெத்திலி விழாத அந்த ஒரு குறிப்பைக்கொண்டே, ஏதோ சதி நடக்கிறது என்பதைத் தாசில்தார் ஊகித்து, பீரோவுக்குப் பின்னாலுள்ள சந்தில் தலைமறைவாகிவிட்டது. அதைக் கண்டுபிடிக்கவே ஏழே கால் ஆயிற்று.

வைஷ்ணவ ஆசாரியர்கள் சரணாகதி தத்துவத்தை விளக்குவதற்கு இரண்டு திருஷ்டாந்தங்கள் சொல்வார்கள்: குரங்குக் குட்டி தானே தாயை இறுகப் பற்றிக்கொள்வது மர்க்கட நியாயம், தன் முயற்சி சிறிதுமின்றிக் கிடக்கும் பூனைக் குட்டியைத் தாயே கவ்வித் தூக்கிச் செல்வது மார்ஜார நியாயம். இரண்டாவதை நம்பி நான் தாசில்தாரைப் பீரோவுக்குப் பின்னாலிருந்து மெல்லத் தூக்கினேன். கூடையின் வாயைக் கண்ட மாத்திரத்தில் அது முதலாவது நியாயத்துக்கு மாறி, பதினெட்டு நகங்களாலும் என் சட்டையையும் அதற்குள்ளிருந்த என்னையும் பற்றிக்கொண்டது. பூனைக்கு முன்கால்களில் ஐந்தைந்தும் பின்கால்களில் நந்நான்குமாக நகங்கள் என்பதைப் புத்தகம் பார்க்காமலே என்னால் இன்று சொல்ல முடியும். சட்டையை அவிழ்த்து, சட்டையோடு சேர்த்தே அதைக் கூடைக்குள் வைத்து மூடினேன். அதற்குள் எமகண்டம் பிறந்துவிட்டது.

ஒன்பது மணிக்குச் சூடம் கொளுத்தி, நான்கு சக்கரத்தின் கீழும் எலுமிச்சம்பழம் வைத்து, தமக்கையார் பூசணிக்காயை ஓங்கிப் போட்டு உடைத்தார். அந்தச் சத்தத்தில் குப்பம்மாள் என் கையிலிருந்து துள்ளி, வேனுக்கும் எங்களுக்கும் நடுவே, இடமிருந்து வலமாக, மிகத் தெளிவாகக் குறுக்கே ஓடினாள். தமக்கையார் ஒன்றும் பேசவில்லை. வீட்டுக்குள் போய் ஒரு செம்பு தண்ணீர் கொண்டு வந்தார். நான் திண்ணையில் உட்கார்ந்து குடித்தேன். பிடிக்கப் போன அடுத்த வீட்டுப் பையனிடமிருந்து தப்பி அவள் மறுபடியும் குறுக்கே வந்தாள், மறுபடியும் தண்ணீர். மூன்றாவது செம்பைக் குடித்தபோது, சகுன சாஸ்திரம் வகுத்தவர்கள் நீண்ட பயணத்துக்கு முன் வயிறு நிறையத் தண்ணீர் குடிப்பதன் பின்விளைவுகளை யோசித்திருக்கவே மாட்டார்கள் என்று எனக்குப் பட்டது. ராகுகாலத்துக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது வண்டி நகர்ந்தது.

தாசில்தார் அழத் தொடங்கிற்று. மியாவ் என்று எழுதிவிட்டால் அந்த ஓலத்துக்கு நியாயம் செய்ததாகாது. கீழ் ஸ்தாயியில் தொடங்கி, மெல்ல ஏறி, உச்சியில் நின்று கார்வை கொடுத்து, மூச்சு வாங்கி, திரும்பவும் கீழே வரும் சங்கீதம் அது. உத்தண்டி சுங்கச்சாவடியில் நின்ற இளைஞர் என் முகத்தையும் வேனின் திரைச்சீலைகளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "உள்ளே கைக்குழந்தையா சார் அழுவுது?" என்று கேட்டார். "பூனை" என்றேன். அவர் நம்பவில்லை. பின்னால் நின்ற கார்கள் எல்லாம் சேர்ந்து ஹாரன் அடிக்க, நான் இறங்கிப் பக்கக் கதவைத் திறந்து காட்டினேன். அந்தக் கணத்தைத் தேர்ந்தெடுத்துத் தாசில்தார் என் சட்டையின் மேல் வாந்தி எடுத்தது. "பாவம் சார்" என்றார் இளைஞர். "இது வராதுன்னு வாயாலேயே சொல்லுது. நீங்கதான் கேட்க மாட்டேங்கறீங்க."

எத்தனை உயரத்திலிருந்து தலைகீழாக விழுந்தாலும் அந்தரத்திலேயே திரும்பி நான்கு காலும் தரையில் ஊன்றும்படி இறங்குவது பூனையின் வித்தை. பிரான்ஸ் தேசத்து விஞ்ஞானி எத்தியென் ஜூல் மாரே, 1894-இல், விழுகின்ற பூனையைக் கணத்துக்குக் கணம் புகைப்படமெடுத்து உலகத்தார் வியக்கக் காட்டினார். மேல் எது கீழ் எது என்று அந்த நேரத்தில் பூனைக்குச் சொல்லிக்கொடுப்பது உட்செவியிலுள்ள நுட்பமான ஒரு கருவி. அதே கருவிதான் கிழக்குக் கடற்கரைச் சாலையின் ஒவ்வொரு வேகத்தடையையும் தவறாமல் குறித்துக்கொண்டு வயிற்றுக்குச் சேதி அனுப்புகிறது. மதில்மேல் நடக்க உதவும் வரப்பிரசாதம், மகாபலிபுரம் போகும்போது சாபமாகிவிடுகிறது.

கோவளத்தை நெருங்கியதும் ஓலம் சட்டென்று நின்றது. பயந்துபோய் வண்டியை ஓரங்கட்டினேன். எங்கோ மணலில் உலர்ந்துகொண்டிருந்த கருவாட்டின் மணம் காற்றில் வந்துகொண்டிருந்தது. இரண்டு மூக்குகள் கூடையின் கம்பிகளுக்கிடையே கடலை நோக்கி நீண்டிருந்தன. பிரயாணத்தில் அவர்கள் கண்ட முதல் இன்பம் அது என்பதால், கால் மணி நேரம் அங்கேயே நிறுத்திவைத்தேன். அன்றைக்கே பாண்டிச்சேரி சேர்ந்துவிடும் எண்ணத்தையும் அங்கேயே விட்டேன்.

மாமல்லபுரத்தில், ஒரு விடுதியின் முற்றத்தில், வாடகைக்கு வண்டி நிறுத்த இடம் கிடைத்தது. வெயிலில் அடைபட்ட வண்டி சில நிமிஷத்திலேயே அடுப்பாகிவிடும். பூனைகளை அதில் விட்டுவிட்டுப் போவது கொலைக்குச் சமானம். ஆகையால் அந்தி சாயும் வரை உள்ளேயே உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்துவிட்டு, காற்று குளிர்ந்த பிறகு, கூரை விசிறியை ஓடவிட்டு, பக்கத்திலுள்ள அர்ச்சுனன் தபசுச் சிற்பத்துக்கு மட்டும் போய் வந்தேன். பல்லவர் காலத்துச் சிற்பி ஏழாம் நூற்றாண்டில் அந்தப் பாறையில் தேவரும் முனிவரும் நாகரும் யானைக் கூட்டமும் புடைசூழ ஒரு பூனையையும் செதுக்கியிருக்கிறான். மேலே தவம் செய்யும் மனிதனைப் போலவே அதுவும் கைகளைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு தபசு செய்கிறது; காலடியில் எலிகள் பக்தியோடு கூடியிருக்கின்றன. தவசி வேஷம் போட்டு எலிகளைத் தின்ற பூனையின் கதை மகாபாரதத்தில் வருகிறது; துரியோதனன் தர்மபுத்திரரை ஏளனம் செய்து உலூகன் மூலமாகச் சொல்லியனுப்பிய கதை அது. அதைப் போலித் துறவி என்று எல்லாரும் ஏசுகிறார்கள். நான் அன்று பார்த்தவரையில், ஆயிரத்து முந்நூறு வருஷத்துக்கு மேலாக இருந்த இடத்தைவிட்டு அசையாமல் நிற்கும் அந்தப் பூனையிடம் எனக்கு மரியாதையே தோன்றிற்று. மகாபலிபுரத்துக்கு வந்த பூனைகளில் வாந்தி எடுக்காதது அது ஒன்றுதான்.

திரும்பி வந்து கூடையைத் திறந்துவிட்டேன். இருவரும் வேனுக்குள் ஒவ்வொரு மூலையையும் முகர்ந்து, கன்னத்தை உரசி உரசித் தங்கள் வாசனையைப் பூசி, பத்திரப்பதிவு முடித்து, பிறகு என் கட்டிலின் நட்ட நடுவில் ஏறிப் படுத்தார்கள். நகர்த்தப் பார்த்தேன், நகரவில்லை. என் கட்டிலும் என்னோடு வரவேண்டும் என்ற சங்கற்பம் அட்சரம் பிசகாமல் நிறைவேறியிருக்க, நான் ஓட்டுநர் இருக்கையில், ஸ்டியரிங்கின் மேல் காலைத் தூக்கிப் போட்டுக்கொண்டு தூங்கினேன்.

காலையில் பேச்சுக்குரல் கேட்டு விழித்தேன். தாசில்தார் ஜன்னலோரத் தேக்குப் பலகையில், தச்சர் பார்த்திருந்தால் மனம் ஆறும்படியாக, நிமிர்ந்து உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டிருந்தது. எதிரே ஒரு புதுக் கார். சக்கரங்களின் அடியில் எலுமிச்சம்பழங்கள். ஏறத் தயாராக ஒரு குடும்பம். அவர்களில் பெரியவர் மட்டும் திறந்த கதவைப் பிடித்தபடி, ஏறாமல், எங்கள் ஜன்னலையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஐயா, அது உங்க பூனைங்களா?"

"ஆமாம்."

"குறுக்கே கிறுக்கே வராதே?"

"அது எங்கேயும் வராது ஐயா. அதனால்தான் வேனே வாங்கினேன்."

அவர் சற்று யோசித்தார். "அப்படின்னா நீங்களே முன்னாடி போயிடுங்க. நாங்க பின்னாலே வர்றோம்" என்றார்.

வெளியே போகும் கேட் அவருடைய காருக்கு அந்தப் பக்கம் இருந்தது. காரின் முன்புறமாகச் செல்வதைத் தவிர வேறு வழியில்லை. கைகூப்பி விடைபெற்று, வண்டியை எடுத்து, இரண்டு பூனைகளோடும் அவர்களுக்கு முன்னால் இடமிருந்து வலமாக மெல்லக் கடந்து சென்றேன். சாலையில் திரும்பும்போது பக்கக் கண்ணாடியில் பார்த்தேன்: பெரியவர் விடுதித் தாழ்வாரத்துக்குத் திரும்பிப் போய் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், ஒரு பெண்மணி செம்பில் தண்ணீர் கொண்டு வந்துகொண்டிருந்தாள்.