மண் கணக்கு மாமா

“சார், ராத்திரி மழையில எம் மண்ணு கொஞ்சம் உங்க கேட்டண்ட வந்துடுத்து. எடுத்துக்கட்டுமா?”

அனுமதி கேட்பதெல்லாம் மரியாதைக்குத்தான். நாம் கதவைத் திறப்பதற்குள் அவருடைய தஸ்லாவில், அதாவது இரும்புச் சட்டியில், பாதி ரொம்பியிருக்கும். மடித்துக் கட்டிய வேட்டி, கக்கத்தில் குடை, கையில் தேய்ந்த துடைப்பம். மழை விட்டுப் பத்து நிமிஷம் ஆகியிருக்காது.

ஆரவல்லிப் பாறை முண்டும் முடிச்சுமாகத் தலைநீட்டும் தென் தில்லியில், ஆர்.கே. புரம், முனிர்க்கா, வசந்த் குஞ்ச் என்று எந்த மேட்டுக் காலனிக்குப் போனாலும் இவர் உண்டு. சாஸ்திரி பவனிலோ நிர்மாண் பவனிலோ முப்பத்தைந்து வருஷம் கோப்பு புரட்டி ஓய்வு பெற்றவர். தரைத்தள வீடு. முன்னால் நாலு கட்டில் போடுகிற அளவுக்கு மண்தரை. அதைச் சுற்றி இரும்பு ஆங்கிள் நட்டு இழுத்துக் கட்டிய கம்பி வேலி. சங்கீத சபா அரசியல், மலை மந்திர் முருகன் கோயில் பொங்கலில் நெய் குறைந்துவிட்டது என்கிற விசாரம் எல்லாம் இவருக்கும் உண்டு, அவை இருக்கட்டும். மண்தான் விஷயம்.

சாலையில் கிடக்கும் ஈர மண்ணில் எது தன்னுடையது என்று அவருக்குத் தெரியும். இரண்டு விரலால் எடுத்துத் தேய்ப்பார். “பாருங்கோ, கறுப்பா இருக்கா? மார்ச்சுல நான் கலந்த சாண எரு. உங்க மண்ணு வெளுப்பு.” எதிர்வீட்டுப் பஞ்சாபிக்காரரிடம் ஒருமுறை, “யே மேரா மிட்டி ஹை” என்று ஆண்பால் பெண்பால் பேதமில்லாத நம்மூர் இந்தியில் உரிமை கொண்டாடினார். அந்த மனிதர் கார் டயருக்கடியில் இருந்ததையும் சேர்த்து, “லே ஜாயியே அங்கிள்ஜி, சப் லே ஜாயியே” என்று தாரை வார்த்துவிட்டார். மாமாவுக்குச் சந்தேகம். சும்மா கொடுக்கிற மண் நல்ல மண்ணாக இருக்குமா?

இதற்கெல்லாம் நோட்டு உண்டு. இடது பக்கம் போனது, வலது பக்கம் வந்தது, கடைசியில் பாக்கி. ஒரு மழைக்குப் பதினாலு தஸ்லா போயிருக்கிறது, ஒன்பது மீட்டாயிற்று, ஐந்து நிலுவை என்று எழுதித் தேதி போட்டுச் சுருக்கொப்பமும் இடுவார். எத்தனை போனது என்று எப்படி அளந்தார்? பள்ளத்தைப் பார்த்து ஒரு மதிப்பீடு; இலாகாவில் பழகின கைதானே! மே மாதத்து ஆந்திப் புழுதிக்காற்றில் பறந்துபோகிற மண்ணை மட்டும் கணக்கில் ஏற்றுவதில்லை. அது வாராக்கடன். செப்டம்பர் கடைசியில் பருவமழை தில்லியை விட்டுக் கிளம்பியதும் நோட்டை முடித்து, நிலுவையை அடுத்த வருஷத்துக்குக் கொண்டுபோவார்.

அவர் அள்ளுவதும் அவர் இழந்ததும் ஒன்றல்ல என்பதுதான் வேடிக்கை. ஓடுகிற தண்ணீர் வண்டலையும் மக்கையும் முதலில் கரைத்துக்கொண்டு சாக்கடைக்குப் போய்விடும். கனமான மணலும் பொடிக்கல்லும்தான் நடுவழியில், அதாவது என் வாசலில், தங்கும். சத்தை விட்டுவிட்டுச் சக்கையை வருஷாவருஷம் பத்திரமாகத் திரும்பக் கொண்டுபோய்க் கொட்டுகிறார். கொத்தனார்கள் பதர்பூர் என்று வாங்குகிற கரட்டு மணலுக்கும் அவர் தோட்டத்து மண்ணுக்கும் இன்று வித்தியாசம் சொல்வது கஷ்டம். துலுக்கச் சாமந்தி சட்டைப் பொத்தான் அளவுக்குத்தான் பூக்கிறது. நர்சரிக்காரன் ஏமாற்றிவிட்டானாம்.

மண் ஏன் போகிறது? அவரால்தான் போகிறது. வேலியடியில் ஒரு புல் தலைகாட்டினால் குர்பி என்கிற களைக்கொத்தை எடுத்துக்கொண்டு குந்திவிடுவார். வேலிக்கு உள்ளே ஒரு முழம், வெளியே ஒரு முழம், மொட்டைத்தரை. வேப்பமரம் மார்ச்சில் உதிர்க்கிற சருகு, மண்ணுக்குப் போர்வையாகத் தானாகவே வந்து விழுகிறது. விடுவாரா? 2015இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம், இலையை எரித்தால் 5000 ரூபாய் அபராதம் என்று சொன்னதிலிருந்து கொளுத்துவதில்லை. பெருக்கி மூட்டை கட்டி எங்கள் பிளாக்குக்குப் பின்னால் வைத்துவிடுகிறார். இப்படிப் பிடிப்பும் இல்லாமல் மூடாக்கும் இல்லாமல் கிடக்கிற மண்ணின் தலையில், நாலு மாடிக்கு மேலே இருக்கிற மொட்டைமாடித் தண்ணீர் முழுவதும் ஒரே குழாய் வழியாக, சரியாக வேலி மூலையில் விழுகிறது. 100 சதுர மீட்டர் மாடியில் 50 மில்லிமீட்டர் மழை பெய்தால் 5000 லிட்டர். ஒரு டாங்கர் லாரியை ஒரே இடத்தில் திறந்துவிட்டால் எந்த மண் நிற்கும்?

இத்தனைக்கும் பிள்ளையார் சதுர்த்திக்கு அருகம்புல் வேண்டும் என்று இவர் கோயில் வாசலில் காசு கொடுத்து வாங்குவார். வருஷம் முழுக்கத் தன் வேலியடியில் தேடித் தேடிப் பிடுங்கிய அதே புல். கணுவுக்குக் கணு வேர்விட்டு மண்ணைப் பாய் பின்னுகிற புல்லை, ஈரத்துணியில் சுற்றி எடுத்துவந்து, “பத்து ரூபாய்க்கு இவ்வளவுதான் தரான் சார்” என்று என்னிடமே அங்கலாய்ப்பார். வெட்டிவேர் கதையும் அப்படித்தான். ஏப்ரல் பிறந்தால் கூலருக்குக் கஸ் தட்டி மாற்றியாக வேண்டும்; அந்த வாசனை இல்லாமல் மாமாவுக்குப் பகல் தூக்கம் வராது. அதே வெட்டிவேரை உயிரோடு வேலியோரம் வரிசையாக நட்டால் மூன்று மீட்டர் ஆழம்வரை நேராக இறங்கும், சரிவுகளில் மண்ணைப் பிடித்து நிறுத்த உலகம் முழுக்க நடுகிறார்கள் என்று சொல்லிப் பார்த்தேன்.

“புல்லா? பாம்பு வரும் சார்.”

2024 ஜூன் 28ஆம் தேதி விடியற்காலை நினைவிருக்கும். 24 மணி நேரத்தில் சஃப்தர்ஜங்கில் 228 மில்லிமீட்டர். ஜூன் மாதம் முழுவதும் பெய்ய வேண்டியதைப்போல மூன்று பங்கு. 1936க்குப் பிறகு ஜூனில் ஒரே நாளில் அப்படிப் பெய்ததில்லை. அன்று வேலியின் மூலைக் கம்பம் தரையைத் தொடாமல் அந்தரத்தில் நின்றது. கம்பம் கம்பியைத் தாங்குவது போய், கம்பி கம்பத்தைத் தாங்கிக்கொண்டிருந்தது. அடியில் ஒரு தெருநாய் உள்ளே போய், சுற்றிப் பார்த்து, வெளியே வந்தது. மாமா நோட்டில் எழுத முடியாமல் உட்கார்ந்துவிட்டார். எனக்கே பாவமாக இருந்தது.

அந்தப் பாவம் ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. கொத்தனார் வந்தார். வேலி நெடுக முழங்கால் உயரச் சுவர், அதன் காலடியில் சிமென்ட் தளம். தண்ணீர் வெளியேற அடியில் நாலு ஓட்டையாவது விடுங்கள் என்றேன். “ஓட்டை விட்டா மண்ணு போயிடுமே சார்!” வேப்பமரத்தைச் சுற்றி மட்டும் டேப் பிடித்து இடம் விட்டார். மரத்தைச் சுற்றி ஒரு மீட்டர் சிமென்ட் கூடாது என்று 2013இல் அதே தீர்ப்பாயம் சொன்னதைக் கத்தரித்து வைத்திருக்கிறார். “ரெண்டு சென்டிமீட்டர் கூடவே விட்டிருக்கேன்.” மரத்துக்குச் சட்டப்படி மூச்சு, மண்ணுக்கு அதுகூட இல்லை.

தண்ணீர் என்ன செய்யும்? சுவரோடு ஓடி, சுவர் முடிகிற இடத்தில் மொத்தமாகத் திரும்பியது. சுவர் முடிகிற இடம் என் எல்லை. இப்போது அரிப்பு என் பக்கம். மாடிப்படியின் கடைசிப் படிக்கு அடியில் கை நுழைகிற பொந்து. மொட்டைமாடிக் குழாய்க்கு ஒரு எல்போ மாட்டி, ஜல்லி போட்ட குழிக்குள் தண்ணீரைத் திருப்பினால் முடிகிற வேலை. செலவையும் நானே ஏற்கிறேன் என்றேன். யோசித்துச் சொல்கிறேன் என்றவர் இன்னும் யோசிக்கிறார். இதில் சிரிக்க ஒன்றும் இல்லை. என் படி இடிந்தால் எந்த நோட்டில் எழுதுவார்?

கேட்டால் சுவாமிநாதனையே சாட்சிக்கு இழுக்கிறார். “மலை மந்திர்ல முருகன் மேட்டுமேலதானே உக்காண்டிருக்கார், அங்க மண்ணு ஓடறதோ?” முருகன் பாறைமேல் உட்கார்ந்திருக்கிறார் மாமா. அவர் குர்பி எடுப்பதில்லை.

போன ஆவணியில் சாக்கடை தூர் வாரினார்கள். வழக்கம்போல வாரியதைக் கரையிலேயே குவித்துவிட்டுப் போனார்கள், அடுத்த மழையில் மறுபடி உள்ளே போகட்டும் என்று. காலையில் பார்த்தால் மாமா மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு குவியல் முன்னால் நிற்கிறார். “என் நிலுவை பூரா இங்கதான் சார் இருக்கு!” உண்மைதான். அவர் தோட்டத்து வண்டல், எரு எல்லாம் அங்கேதான் போய்ச் சேர்ந்திருந்தது. மாமி உள்ளேயிருந்து போட்ட சத்தத்தில் தஸ்லா வாசலோடு நின்றது.

ஆனாலும் கொஞ்சம் எங்கேயோ ஒளித்துக் காயவைத்திருக்கிறார். தீபாவளிக்கு முந்தின வாரம் பெயிண்ட் டப்பாவில் ஒரு கறிவேப்பிலைக் கன்றோடு வந்தார். தில்லி மதர் டெய்ரிக் கடையில் நாலு வாடின இணுக்குக்குக் கெஞ்சுகிறவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும். தளதளவென்று இருந்தது. எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. படியில் உள்ள பொந்தைப் பற்றிப் பேச வைத்திருந்ததெல்லாம் மறந்துபோயிற்று.

“வெச்சுக்கோங்கோ சார். மண்ணு என்னோடது. உங்க பேர்ல அரைத் தஸ்லா எழுதியிருக்கேன்.”